எழுத்து அழியும்வரை குளி

அண்ணே, அந்தப் பைக்குள்ள சிவப்பு சோப்பா வச்சிருக்கீங்க? நெனச்சேன். பஸ் ஏறினதுலேருந்து மூக்குல ஏறுது. தப்பா எடுத்துக்காதீங்க, பையைக் கொஞ்சம் சன்னல் ஓரமாத் தள்ளி வச்சிருங்க. இந்த வாசனை வந்தாலே எனக்கு முதுகு அரிக்க ஆரம்பிச்சிரும். டாக்டர்கிட்டக்கூடக் காட்டினேன். தோல்ல ஒண்ணுமே இல்ல, எல்லாம் உங்க மனசுலதான்னு சொல்லி அனுப்பிட்டாரு.

ஏன்னா கேக்குறீங்க? சொல்றேன். மலேசியா போற பாலத்துல எப்படியும் ரெண்டு மணி நேரம் நிக்கப்போறோம். சனிக்கிழமை ஆச்சுன்னா சிங்கப்பூர்ல பாதிப் பேரு ஜொகூர் பக்கம் கிளம்பிருவான். எந்த ஊருன்னு சொன்னீங்க, மன்னார்குடியா? உங்க பக்கம் பட்டாளத்துக்குப் போகணும்னா ஆசைப்பட்டவன்தான் போவான். எங்க ஊர்ல அப்படியில்ல. ஆம்பளப் புள்ளைக்குப் பதினெட்டு வயசு ஆச்சா, வீட்டுக்குக் கடுதாசி வந்துரும். போயே ஆகணும். தேசிய சேவைன்னு பேரு. டாக்டர் மகனும் போவான், மீன்கடைக்காரன் மகனும் போவான். நானும் போனேன். பன்னீர்செல்வம்னா அந்த வருசத்துப் பசங்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். எங்கயாச்சும் பாத்தா அடுத்த ரோட்டுக்கு ஓடிப்போய்த் திரும்பி நின்னு கை காட்டுவானுங்க. அவ்வளவு மரியாதை.

முதல் மூணு மாசம் பயிற்சி. ஒரு தீவுல கொண்டுபோய் விட்டாங்க. இறங்கின அரைமணி நேரத்துல தலைய வழிச்சு எல்லாரையும் போத்தாக் ஆக்கிட்டாங்க. சீனன், மலாய்க்காரன், நம்மாளு, ஒரு வித்தியாசமும் தெரியல, எல்லாம் ஒரே மண்டை. பதினாறு கட்டில் போட்ட ஒரு பெரிய ரூம். பங்க்னு சொல்வோம். அந்த பங்க்குக்கு மேலாளு சார்ஜன்ட் டியோ. சீனரு, குச்சி மாதிரி இருப்பாரு, வாயத் தொறந்தா லாரி ஹாரன்.

அந்த மனுசனுக்கு என் மேல தனிப் பிரியம்ணே. பதினாறு பேர்ல என் பேரு மட்டும்தான் அவருக்கு முதல் நாளே மனப்பாடம். காலையில "பன்னீர்!"னு ஆரம்பிச்சா, விளக்கு அணைக்கிற வரைக்கும் பன்னீர் பன்னீர் பன்னீர்தான். மத்தவனுக்கெல்லாம் இருபது தண்டால் சொல்லித் தந்தா எனக்கு நாப்பது சொல்லித் தருவாரு. அந்த அளவுக்கு என்னை உருவாக்கணும்னு அவருக்கு ஒரு வெறி.

சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன்.

பக்கத்துக் கட்டில் கோக் செங். அவன்தான் மீன்கடைக்காரன் மகன். இங்கிலீஷ் அவனுக்கு வராது, சீனம் எனக்கு வராது, ரெண்டு பேரும் பாசார்ல, அதான் சந்தையில, பேசுற மலாய்தான் பேசிக்குவோம். தங்கமான பையன். எதைச் சொன்னாலும் முதல்ல "வேணாம் பன்னீர்"னு சொல்வான். அது அவனோட சுபாவம். நான் அதைக் காதுல வாங்கிக்கிட்டதே இல்ல.

இப்ப விசயத்துக்கு வர்றேன். எனக்கு ஒரே அக்கா. தவமணின்னு பேரு. எங்கப்பா நான் நாலாப்பு படிக்கும்போதே போய்ச் சேர்ந்துட்டாரு. அக்கா படிப்பை விட்டுட்டு ரேடியோ ஃபேக்டரிக்குப் போயிருச்சு. என் பள்ளிக்கூடம், என் செருப்பு, என் சட்டை, எல்லாம் அதோட கையாலதான். அந்த அக்காவுக்கு மாப்பிள்ளை அமைஞ்சு, கல்யாணத் தேதி வச்சா, நான் உள்ள போன ஆறாவது வாரம், ஞாயித்துக்கிழமை காலையில முகூர்த்தம். பொண்ணுக்குக் கூடப் பொறந்தவன் நான் ஒருத்தன்தான். உங்களுக்குத் தெரியாததா, ஓமத்துக்கு முன்னால பொண்ணு ரெண்டு கையையும் ஏந்தி நிக்கும், தம்பிக்காரன்தான் பொரியை அள்ளிப் போடணும். அப்பா இல்லாத வீடுண்ணே. நான் இல்லன்னா எங்க வீட்டு ஆம்பளன்னு மேடையில ஒருத்தன் கிடையாது.

அக்கா முன்னாடியே படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சு. "டேய், லீவுக்குன்னு ஒரு விண்ணப்பப் பாரம் இருக்காமே, எழுதிக் குடுத்துரு. கூடப் பொறந்தவ கல்யாணம்னா விடுவாங்களாம்." நான் சொன்னேன், "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு. அந்த வாரம் சனிக்கிழமை எல்லாரையும் வீட்டுக்கு விடுறாங்க. இதுக்குப் போய் பாரம் எழுதினா என்னைப் பத்தி என்ன நெனைப்பாங்க?" நான் சொன்னது சரிதானே? எல்லாரையும் விடத்தான் விடுவாங்க. ஒரே ஒரு சின்ன நிபந்தனை. சனிக்கிழமை காலையில கேப்டன் வந்து பங்க்கைப் பாப்பாரு. சுத்தமா இருந்தா மத்தியானம் படகு. இல்லன்னா அந்த வாரம் உள்ளயே கிட.

இந்த சோதனை இருக்கே, அது ஒரு தனிக் கூத்து. கட்டில் விரிப்புல ஒரு சுருக்கம் இருக்கக்கூடாது. தலைமாட்டுப் பெட்டி மேல துண்டு, அதுமேல பல் பிரஷ், பேஸ்ட், சோப்பு, சவரக்கத்தி, பதினாறு பேருதும் ஒரே நேர்கோட்டுல இருக்கணும். புதன்கிழமை ஒத்திகை பாத்தாங்க. தோத்துட்டோம். கோக் செங் சோப்புல ஒரு முடி, என் பிரஷ்ல காய்ஞ்ச பேஸ்ட். சார்ஜன்ட் டியோ என் பிரஷ்ஷை ரெண்டு விரலால தூக்கிப் பிடிச்சு, செத்த எலியைக் காட்டுற மாதிரி எல்லார்கிட்டயும் காட்டினாரு.

சனிக்கிழமையும் இப்படி ஆச்சுன்னா? அக்கா கையை ஏந்திக்கிட்டு நிக்குமே!

அப்பதான் உதிச்சுச்சு யோசனை. எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வச்சேன். "இதப் பாருங்கடா. அழுக்கு எதனால வருது? பொருளை உபயோகிக்கிறதாலதானே? உபயோகிக்காம விட்டுட்டா?" ஆளுக்கு ரெண்டு செட்டு. ஒண்ணு கேப்டன் பாக்குறதுக்கு, ஒண்ணு நாம பொழங்குறதுக்கு. மத்த பங்க்லயும் ஒண்ணு ரெண்டு பேரு ரகசியமா இப்படிச் செய்வான், ஆனா பதினாறு பேரும் ஒரே மாதிரி, திட்டம் போட்டுச் செஞ்சது நாங்கதான். கேன்டீன்ல போய் நானே அள்ளிக்கிட்டு வந்தேன். பதினாறு பிரஷ்ஷும் ரோஸ் கலரு. அது ஒண்ணுதான் பதினாறு இருந்துச்சு. சோப்பு எடுக்கும்போது கடைக்காரர்கிட்டக் கேட்டேன், "இருக்கிறதுலயே கெட்டியான சோப்பு எது? கரையவே கூடாது, மூலை மழுங்கக் கூடாது." எடுத்துக் குடுத்தாரு பாருங்க, சிவப்புல, செங்கல்லு மாதிரி. மேல பேரு ஏழு எழுத்து, நல்ல ஆழமா வெட்டியிருந்துச்சு.

பொழங்குற பிரஷ்ஷை எங்க ஒளிக்கிறது? வாசல்ல தீயணைக்க மண்ணு வாளி இருந்துச்சு. அதுக்குள்ள புதைச்சோம். காலையில தோண்டி எடுத்துப் பல்லு விளக்கினா நறநறன்னும். கட்டிலையும் புதன்கிழமையே இழுத்துக் கட்டி, அடியில ஊக்கு குத்தி, மூணு ராத்திரி பதினாறு பேரும் தரையில படுத்தோம். கோக் செங் மட்டும் "வேணாம் பன்னீர், வேணாம் பன்னீர்"னு முனகிக்கிட்டே படுத்தான்.

சனிக்கிழமை. கேப்டன் உள்ள வர்றாரு. பின்னால சார்ஜன்ட் டியோ. பதினாறு கட்டிலும் கேரம்போர்டு மாதிரி. பதினாறு ரோஸ் பிரஷ்ஷும் ஒரே பக்கம் பாத்து நிக்குது. கேப்டன் அப்படியே நின்னுட்டாரு. ஒருத்தரையும் பாக்கல, நேரா எங்கிட்ட வந்தாரு. என் சோப்பை எடுத்தாரு. திருப்பித் திருப்பிப் பாத்தாரு. கட்டைவிரலால அந்த ஏழு எழுத்தையும் ஒவ்வொண்ணாத் தடவினாரு.

"ரெக்ரூட், இந்த சோப்பு உன்னோடதா?"

"ஆமா சார்!"

"இதுலதான் குளிக்கிறியா?"

இப்ப நீங்களே சொல்லுங்கண்ணே, நான் என்ன செய்யணும்? ஆமான்னா அழியாத எழுத்தே பொய்யைக் காட்டிக் குடுத்துரும். இது காட்சிக்கு வச்சதுன்னா ஏமாத்து வேலைன்னு பதினாறு பேரையும் உள்ள போட்டுருவாரு. ஒரு நிமிசம்கூட இல்ல யோசிக்க. நாமதானே தலைவன்? பதினாறு பேரையும் காப்பாத்தணும். நெஞ்சை நிமித்தினேன். "சார்! நான் குளிக்கிறதே இல்ல சார்!"

கேப்டன் ஒரு அடி பின்னால நகந்தாரு. அடுத்த சோப்பைப் பாத்தாரு. அதுலயும் ஏழு எழுத்து.

"நாங்க யாருமே குளிக்கிறதில்ல சார்!"

கோக் செங் பக்கத்துல இருந்து "அய்யோ"ன்னான். சீனன், தமிழ்ல "அய்யோ"ன்னான்! எங்கிட்டக் கத்துக்கிட்டது. கேப்டன் பிரஷ்ஷைத் தூக்கிக் காட்டினாரு. நான் அவரு கேக்குறதுக்கு முந்தியே சொல்லிட்டேன். "பல்லும் விளக்குறதில்ல சார்!"

சார்ஜன்ட் டியோ சுவத்துப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டாரு. தோள்பட்டை குலுங்குது. அழுகுறாருன்னு நெனச்சேன், பாவம், இவ்வளவு உழைச்சும் இப்படி ஆயிருச்சேன்னு.

கேப்டன் ரொம்ப அமைதியாச் சொன்னாரு. "நல்லது. ஆறு வாரமாக் குளிக்காதவனை உங்க அம்மாக்கள்கிட்ட அனுப்ப எனக்கு மனசு வரல. இன்னைக்குக் குளிங்க. அவனவன் சோப்புல எழுத்து எப்ப அழியுதோ, அப்பப் படகு ஏறலாம். சார்ஜன்ட், பாத்துக்கங்க."

அவ்வளவுதான். வெளிய தண்ணித் தொட்டியைச் சுத்திப் பதினாறு பேரு, வெறும் காக்கி அரைக்கால் சட்டையோட. சார்ஜன்ட் டியோ நாற்காலி போட்டு உக்காந்துட்டாரு. தரையில தேய்க்கக்கூடாது, துணியில தேய்க்கக்கூடாது, ஒடம்புல மட்டும்தான். தேய்ச்சோம்ணே. தேய்ச்சோம், ஊத்தினோம், தேய்ச்சோம், ஊத்தினோம். நுரை தொட்டியை மூடிருச்சு. பக்கத்து பங்க் பசங்க மத்தியானப் படகுக்குப் போகும்போது எங்களைப் பாத்துப் பாட்டுப் பாடிக்கிட்டே போனானுங்க. மூணு மணிக்குப் பாத்தா முதல் எழுத்தோட மேல் கோடு மட்டும் லேசா மங்கியிருக்கு. நான் என்னா சோப்பு வாங்கியிருக்கேன் பாத்தீங்களா! தரமான சாமான்.

நாலு மணிக்கு எனக்கு அழுகையே வந்துருச்சு. தோலு எரியுது. கடைசிப் படகு ஆறு மணிக்கு. "என்னடா?"ன்னு கேட்டான் கோக் செங். அக்கா கல்யாணம், பொரி, அப்பா இல்லாதது, எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவன் சோப்பைக் கீழ வச்சுட்டு என்னையே பாத்தான். "இதை ஏன் அன்னைக்கே சொல்லல? பாரம் எழுதியிருந்தா போன வாரமே கையெழுத்துப் போட்டிருப்பாங்களே?" நான் தண்ணி அள்ளி மூஞ்சியில அடிச்சுக்கிட்டேன். சோப்பு கண்ணுல பட்டிருந்துச்சு.

அவன் திரும்பி மத்தவங்ககிட்ட ஹொக்கியன்னு அவங்க சீனத்துல என்னமோ சொன்னான். அதை ஒருத்தன் மலாய்ல சொன்னான். எல்லாரும் என்னைப் பாத்தாங்க. ஒருத்தன் நல்லா ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அப்பறம் கோக் செங் வந்து என் கையில இருந்த சோப்பைப் பிடுங்கித் தன் முதுகுல தேய்க்க ஆரம்பிச்சான். அவன்கிட்ட இருந்து அடுத்தவன் வாங்கினான். அவன்கிட்ட இருந்து அடுத்தவன். ஒடம்புலதான் தேய்க்கணும்னு சொன்னாங்களே ஒழிய யாரு ஒடம்புன்னு சொல்லலையே! பதினாறு முதுகு, பதினாறு நெஞ்சு, என் ஒரு சோப்பு வட்டம் சுத்துது. ஒருத்தனுக்கு நெஞ்சு நெறைய முடி. "அவன்கிட்டக் குடு, அவன்கிட்டக் குடு, சீக்கிரம் தேயும்"னு ஒரே கூச்சல். அவனுக்குக் கூசி அவன் துள்ளுறான், நாலு பேரு பிடிச்சுக்கிட்டுத் தேய்க்கிறான். சிரிச்சுச் சிரிச்சு நான் தொட்டிக்குள்ளயே விழுந்துட்டேன்.

சார்ஜன்ட் டியோ? நாற்காலியைத் திருப்பிப் போட்டுக் கடலைப் பாத்து உக்காந்துட்டாரு.

அஞ்சே முக்காலுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். ஏழு எழுத்தும் போயிருச்சு. வழவழன்னு ஒரு சிவப்புத் துண்டு. அவரு அதை மோந்து பாத்தாரு, என்னை மோந்து பாத்தாரு. "ஓடு பன்னீர்"னாரு. அன்னைக்கு ஒரு நாள்தான் அவரு என் பேரைக் கத்தாமச் சொன்னது.

மத்தவங்க சோப்பா? எழுத்து அப்படியே இருந்துச்சு. அவங்க யாரும் அந்த வாரம் வெளிய வரல. அவங்களுக்கும் அங்க இருக்கப் பிடிச்சிருக்கும்போல. படகு கிளம்பும்போது கரையில ஒரே கைதட்டல், விசில். கோக் செங் ரெண்டு கையையும் வாய்ல குவிச்சுக் கத்தினான், "போ பன்னீர், நீ போனாத்தான் எங்களுக்கு லீவு!" பாத்தீங்களா பாசத்தை?

வீட்டுக்கு வந்தா சொந்தக்காரங்க கூட்டம். மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒண்ணு என் மண்டையைப் பாத்துட்டு, "அய்யய்யோ, வீட்ல துக்கமா?"ன்னு அலறிருச்சு. எங்க சித்தி என் பக்கத்துல வந்து மூக்கைச் சுளிச்சுட்டு எந்த ஆஸ்பத்திரியில இருந்தேன்னு கேட்டாங்க. அக்கா கையில மருதாணியோட உக்காந்திருந்துச்சு. என்னைப் பாத்ததும் மூஞ்சி அப்படியே மலர்ந்துருச்சு. "வந்துட்டியா"ன்னு ஒரு வார்த்தைதான். "நான் சொன்னேன்ல"ன்னேன். அம்மா என்னை உள் ரூம்ல ஒரு கட்டில்ல போய்ப் படுக்கச் சொன்னாங்க.

இப்பத்தான் வருது. கட்டிலைப் பாத்தேன். விரிப்புல சுருக்கம். கை தன்னால போயிருச்சு. இழுத்துக் கட்டி, நாலு மூலையும் மடிச்சு, தட்டிவிட்டு, அப்பறம் கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல தரையில படுத்துட்டேன். என்ன செய்யுறேன்னு எனக்கே தெரியலண்ணே. மூணு ராத்திரிப் பழக்கம்.

காலையில எல்லாரும் எந்திரிச்சிருக்காங்க. அம்மா ரூமை எட்டிப் பாத்திருக்காங்க. கட்டில் ஒரு சுருக்கம் இல்லாம இருக்கு, ஆளைக் காணோம். "பாத்தீங்களா, பட்டாளம் என் புள்ளைய எப்படி மாத்திருச்சு! நமக்கு முந்தியே எந்திரிச்சு, கட்டிலைக் கூடச் சரி பண்ணிட்டு மண்டபத்துக்குப் போயிட்டான்"னு ஊர் பூரா பெருமை பேசிக்கிட்டே கிளம்பிட்டாங்க.

நான் கண்ணை முழிச்சா வீடு நிசப்தம். மணி எட்டு. முகூர்த்தம் ஏழரைக்கு.

அலாமாக்! வேட்டியைக் கட்டினா ஓட முடியாது. அரைக்கால் சட்டையோட, வேட்டியைக் கக்கத்துல வச்சுக்கிட்டு ஓடினேன். கோயில் மண்டபம் ரெண்டு மைல். பயிற்சியில ஓட்டம்னா எப்பவும் நான்தான் கடைசி, எனக்குப் பின்னால ஆம்புலன்ஸ் மட்டும்தான் வரும். அன்னைக்கு ரெண்டு பஸ்ஸை முந்தினேன். வேர்வை வழிய வழிய ஒடம்பெல்லாம் நுரை கிளம்புது. அவ்வளவு சோப்பு தோலுக்குள்ள ஏறியிருக்கு. ரோட்ல போறவன்லாம் நின்னு பாக்குறான்.

உள்ள நுழைஞ்சேன். மேளம் நின்னு போயிருக்கு. தாலி கட்டியாச்சு. மேடையில ஓமம் புகையுது. சித்தப்பா மகன் குணா பொரித் தட்டோட நிக்கிறான், என்ன செய்யுறதுன்னு தெரியாம. ஐயர் கெஞ்சுறாரு. "அம்மா, கையை நீட்டும்மா. யாராச்சும் ஒருத்தர் போட்டாப் போதும்மா, நேரமாகுதும்மா." மாப்பிள்ளை வீட்டுப் பெரியவங்க முன்வரிசையில இருந்து சத்தம் போடுறாங்க. எங்கம்மா ஒரு தூணைப் பிடிச்சுக்கிட்டு அழுகுறாங்க. அக்கா தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்குது. ரெண்டு கையையும் நெஞ்சுக்கு நேரா வச்சு இறுக்கி மூடியிருக்கு. விரலெல்லாம் வெளுத்துப் போயிருக்கு. ஒரு வார்த்தை பேசல. அரைமணி நேரமா அப்படியே நிக்குதாம்.

மேடையில ஏறினேன். நுரையும் அரைக்கால் சட்டையுமா. மாப்பிள்ளை மெதுவாச் சொன்னாரு, "மச்சான், சீக்கிரம் போடுங்க, புகையில கண்ணு போகுது." அப்பத்தான் அக்கா தலையைத் தூக்குச்சு. என்னைப் பாத்துச்சு. திட்டும்னு நெனச்சேன். திட்டல. மூடியிருந்த ரெண்டு கையையும் சேத்து என் முன்னால விரிச்சுச்சு.

என் கை தோலுரிஞ்சு எரியுது. பாதிப் பொரி கீழ கொட்டிருச்சு. அழுதேன்ணே, முன்னூறு பேருக்கு முன்னால ஓன்னு அழுதேன்.

ஊர்ல எல்லார்கிட்டயும் இந்தக் கதையைச் சொல்லும்போது நான்தான் அக்காவுக்காகத் தீவுலேருந்து போராடி வந்தேன்னு சொல்வேன். நீங்க மன்னார்குடி, நாளைக்கு உங்களைப் பாக்கப் போறதில்ல, உங்ககிட்ட என்ன. நான் என்ன செஞ்சேன்? குளிச்சேன், தூங்கினேன், ஓடினேன். அத்தனை பேரையும் எதுத்து, வாயத் தொறக்காம, ரெண்டு கையை மூடிக்கிட்டு நின்னது எங்கக்காண்ணே.